பல்லியம் பயிற்றிய ஏடுகள்

பல கருவிகள் ஒருங்கு கூடி ஒலிப்பதைப் பழந்தமிழர் பல்லியம் என்று வழங்கினர். இயம் என்பது இசைக் கருவி; இயங்கள் பல கூடியது பல்லியம். நக்கீரர் திருமுருகாற்றுப்படையில் முருகப் பெருமானைக் குறும்பல்லியம் உடையவன் என்று போற்றுகிறார். மலைபடுகடாம் என்னும் நூலின் தொடக்கத்திலேயே, முழவும் ஆகுளியும் பாண்டிலும் கொம்பும் குழலும் பைகளில் இட்டுக் கட்டித் தோளில் சுமந்து மலைவழியே செல்லும் கூத்தர் கூட்டத்தைக் காண்கிறோம். பிழைப்பை நாடி ஊர்விட்டு ஊர் சென்ற தமிழர், தம் இசையையும் மூட்டையோடு கட்டிச் சென்றனர் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை.

இன்று பள்ளிகளில் பாண்டு என்றும் ஆர்க்கெஸ்டிரா என்றும் வழங்குவது அப்பல்லியமே. முப்பது குழந்தைகளையும் பத்து வகைக் கருவிகளையும் முன்னால் வைத்துக்கொண்டு நிற்கும் ஆசிரியர் ஒருவருக்கு எழும் முதற் கேள்வி, எதைக் கொண்டு தொடங்குவது என்பது. பாட நூல் உண்டா? பாடங்கள் எளியதிலிருந்து அரியதற்குப் படிப்படியாக அமைந்துள்ளனவா? ஒவ்வொரு கருவிக்காரருக்கும் உரிய சுவரங்களை எப்படி எழுதித் தருவது? மேலை நாட்டுப் பள்ளிகளில் இவற்றிற்கெனத் தனி நூல்கள் அடுக்கடுக்காக உள்ளன. நம்மிடம் ஒன்றுமில்லை என்று கருதுவோர் பலர். அக்கருத்து சரியன்று. நம்மிடம் நூல்கள் இருந்தன, இருக்கின்றன. அவை எவ்வாறு பிறந்தன என்பதையும், அவ்வரலாற்றில் மும்பை மாநகருக்குள்ள பங்கையும் இங்கே காண்போம்.

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைப் படித்தவர்கள், அது ஒரு நடனச் சிறுமியின் கதை மட்டுமன்று என்பதை அறிவர். மாதவி ஐந்தாம் வயதில் தொடங்கி ஏழாண்டுகள் பயின்று பன்னிரண்டாம் வயதில் அரங்கேறினாள். அவளைப் பயிற்றிய ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் ஆகிய ஒவ்வொருவனும் எவ்வெவற்றில் வல்லவனாக இருத்தல் வேண்டும் என்று இளங்கோவடிகள் வரிசையாகச் சொல்கிறார். பின்னர், குழலின் வழியே யாழும், யாழின் வழியே தண்ணுமையும், தண்ணுமையின் வழியே முழவும் நின்று இயங்கிய முறையைக் காட்டுகிறார். யார் யாரைப் பின்பற்றுவது என்ற ஒழுங்கு இல்லையேல் பல்லியம் இல்லை. ஆசிரியருக்கு இலக்கணமும் கருவிகளுக்கு ஒழுங்கும் வகுத்த ஒரு மொழியில், கூட்டிசைக்கு இடமில்லை என்று யார் சொல்ல இயலும்?

ஆயினும் பிற்காலத்தில் நம் இசைக் கல்வி பெரும்பாலும் ஒரு குருவும் ஓரிரு சீடரும் எதிரெதிரே அமர்ந்து, வாய்வழியாகவே நிகழ்ந்தது. அதன் பெருமை சிறிதன்று. குருவின் குரலில் உள்ள நெளிவும் குழைவும் சீடனின் குரலில் அப்படியே இறங்கும். ஆனால் அம்முறை ஒருவனை ஒருவன் வளர்க்கும் முறை. முப்பது பேரை ஒருவர் வளர்க்கும் முறையன்று. பலர் கூடி ஒரே கணத்தில் ஒரே சுவரத்தில் வந்து நிற்க வேண்டுமாயின், எல்லோர் கண்முன்னும் ஓர் ஏடு இருத்தல் வேண்டும்.

ஏட்டிற்கு முன்னதாக வேண்டுவது பாட வரிசை. அதனை நமக்கு முன்னோர் நன்றாகவே அமைத்துத் தந்தனர். சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம் என்று இன்றும் நாம் பயிலும் முறையை வகுத்தவர் 16ஆம் நூற்றாண்டில் கன்னட நாட்டில் வாழ்ந்த புரந்தரதாசர் என்பது வழிவழி வந்த வரலாறு. தொடக்கத்திற்கு மாயாமாளவகௌளை இராகத்தை அமைத்த நுட்பம் வியக்கத்தக்கது. அவ்விராகத்தின் முற்பாதியான ச ரி க ம என்பதில் உள்ள இடைவெளிகள் எவையோ, பிற்பாதியான ப த நி ச என்பதிலும் அவையே. குழந்தை ஒரு பாதியைக் கற்றால் மறு பாதியையும் கற்றதாகும். வயலினில் ஒரு தந்தியில் விரல் வைத்த அதே இடங்களில் அடுத்த தந்தியிலும் வைக்கலாம். மூன்று காலங்களிலும் பாடும் பழக்கத்தினால் லயம் நெஞ்சில் ஊன்றுகிறது. ஏழு தாள அலங்காரங்களோ, கைக்கணக்கு விளையாட்டாகவே குழந்தைகளுக்கு அமைகின்றன. ஒரு பல்லியத்தின் முதலாண்டுப் பாடத்திற்கு இதனினும் சிறந்த அடித்தளம் அமைப்பது எளிதன்று.

இனி, மேலை நாட்டுப் பாண்டு இசை நம் நாட்டு ஏட்டிற்குள் நுழைந்த கதையை நோக்குவோம். அக்கதை சென்னைக் கோட்டையில் தொடங்குகிறது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், இராமசாமி தீட்சிதரின் குடும்பம் சென்னைக்கு அருகே மணலியில் முதலியார் குடும்பத்தாரின் ஆதரவில் வாழ்ந்து வந்தது. அங்கிருந்து புனித ஜார்ஜ் கோட்டையில் முழங்கிய ஆங்கிலேயர் பாண்டு இசையைக் கேட்கும் வாய்ப்பு தீட்சிதரின் மக்களுக்குக் கிட்டியது. இளையவரான பாலுசாமி தீட்சிதர் ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் பயின்று, அக்கருவியை நம் இசைக்குப் பழக்கியவருள் முன்னோடியானார். மூத்தவரான முத்துசாமி தீட்சிதர், கேட்ட மெட்டுகளுக்கு வடமொழியில் தெய்வப் பாடல்களை இயற்றினார். இங்கிலாந்து மன்னரை வாழ்த்தும் பாட்டின் மெட்டும் அவற்றுள் ஒன்று. நோட்டு சுவரம் என்று பெயர் பெற்ற இச்சிறு பாடல்கள் ஏறத்தாழ 40. எல்லாம் சங்கராபரணத்தின் சுவரங்களில் அமைந்தவை, கமகம் இல்லாமல் நேராக ஒலிப்பவை, துள்ளும் நடையின.

பெரும் கிருதிகளை இயற்றிய மேதை இச்சிறு பாடல்களை ஏன் இயற்றினார் என்று ஐயுறுவோர் உண்டு. குழந்தைகளுக்குக் கற்பித்துப் பார்த்தவர்கட்கு அவ்வையம் எழாது. கமகம் பழகாத குரலும் விரலும் முதல் மாதத்திலேயே ஒரு முழுப் பாட்டை இசைத்து மகிழ இவை இடம் தருகின்றன. முப்பது குழந்தைகள் கமகத்தை முப்பது விதமாக அசைத்தால் ஒலி கலங்கும். நேரான சுவரங்களில் அக்கலக்கம் இல்லை. ஆகவே நோட்டு சுவரம் பல்லியத்திற்கென்றே பிறந்த பாடம் எனலாம்.

அதே காலத்தில் தஞ்சையில் இரண்டாம் சரபோசி மன்னர் 1798 முதல் 1832 வரை அரசிருந்தார். அவர் அரண்மனையில் மேலைக் கருவிகள் அடங்கிய பாண்டுக் குழு ஒன்றினைப் பேணினார். மேலை முறையில் எழுதப்பட்ட இசையேடுகள் சரசுவதி மகால் நூலகத்தில் சேர்ந்தன. அவ்வரண்மனையின் ஆதரவு பெற்ற தஞ்சை நால்வருள் வடிவேலு வயலினில் வல்லவராய்த் திகழ்ந்தார். கோட்டையின் பாண்டும் கோயிலின் பண்ணும் ஒன்றையொன்று செவிமடுத்த காலம் அது.

ஆனால் செவிவழி பெற்றதைக் கண்வழி தருவதற்கு அச்சு வேண்டியிருந்தது. அப்பணியில் முன்னின்றவர் சென்னை அரசுச் செயலகத்தில் பணியாற்றிய சின்னசாமி முதலியார். கிறித்தவரான அவர் மேலை இசையையும் நம் இசையையும் ஒருங்கே கற்றவர். நம் கீர்த்தனைகளை ஐந்து கோட்டு மேலைச் சுவரக்குறிப்பில் எழுதி 1892ஆம் ஆண்டு முதல் பகுதி பகுதியாக வெளியிட்டார். உலகில் எந்த நாட்டுப் பாண்டுக்காரரும் நம் பாட்டைப் பார்த்த அளவில் இசைக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். அம்முயற்சி நெடுநாள் நீடிக்கவில்லை. ஆயினும் அவர் செய்த மற்றொரு செயல் நிலைத்தது. தீட்சிதர் மரபின் உருப்படிகளைத் தம்மிடம் வைத்திருந்த எட்டயபுரம் சமஸ்தான வித்துவான் சுப்பராம தீட்சிதரை அணுகி, அவற்றை எழுதி வெளியிடுமாறு தூண்டினார்.

சுப்பராம தீட்சிதர் 1839இல் பிறந்தவர். வயலின் கற்ற பாலுசாமி தீட்சிதரின் மகள் வயிற்றுப் பேரர். அவராலேயே சுவீகாரம் செய்துகொள்ளப் பெற்றவர். எட்டயபுர அரசரின் பொருளுதவியால் அவர் எழுதிய சங்கீத சம்பிரதாய பிரதர்சினி 1904இல் எட்டயபுரத்திலேயே தெலுங்கு எழுத்தில் அச்சாயிற்று. 72 மேளங்களின் வரிசையில் இராக இலக்கணங்களும், முத்துசாமி தீட்சிதரின் 229 கிருதிகளும், பிறர் உருப்படிகளும் அதில் இடம்பெற்றன. கம்பிதம், ஜாரு, ஸ்புரிதம் முதலான கமகங்களுக்குத் தனித்தனிக் குறிகள் அமைத்து, சுவரத்தின் தலைமேல் எழுதிக் காட்டினார். சென்னை மியூசிக் அகாடமி 1961ஆம் ஆண்டு தொடங்கி அந்நூலைத் தமிழெழுத்தில் ஐந்து தொகுதிகளாக வெளியிட்டது.

பேரறிஞர் போற்றும் நூல் பிரதர்சினி. ஆசிரியர் போற்ற வேண்டியதோ அதற்கடுத்த ஆண்டில் அவரே வெளியிட்ட சிறு நூல். 1905இல் வந்த பிரதமாப்யாச புஸ்தகம் என்பது, பெயருக்கேற்ப, முதற் பயிற்சிக்கான பாடநூல். அதில் சுப்பராம தீட்சிதர், தம் பாட்டனாரின் தமையனார் இயற்றிய நோட்டு சுவரங்களுள் முப்பதுக்கு மேற்பட்டவற்றைச் சேர்த்தார். கோட்டைப் பாண்டிலிருந்து பிறந்த மெட்டுகள், நூறாண்டு கழித்து, கரிசல் நிலத்துச் சிற்றூர் ஒன்றில் குழந்தைகளின் பாடநூலுக்குள் வந்து அமர்ந்தன. அறுபத்தாறு வயது முதியவர், பெருநூலை முடித்த களைப்பு ஆறுமுன், குழந்தைக்கும் ஒரு நூல் வேண்டும் என்று எண்ணினாரன்றோ! அடுத்த ஆண்டிலேயே, 1906இல், அவர் மறைந்தார்.

இவ்விடத்தில் மும்பை நம் கதைக்குள் வருகிறது. பிரதர்சினி அச்சான அதே 1904ஆம் ஆண்டில், அந்நாளில் பம்பாய் எனப்பட்ட அந்நகரிலிருந்து ஒரு வழக்கறிஞர் தென்னாடு நோக்கிப் புறப்பட்டார். அவர் பெயர் விஷ்ணு நாராயண பாத்கண்டே. 1860இல் வால்கேசுவரத்தில் பிறந்தவர். 1870இல் பார்சி மக்கள் அந்நகரில் நிறுவிய காயன உத்தேஜக மண்டலியில் சேர்ந்து இசை பயின்றவர். வடநாட்டு இராகங்கள் ஆளுக்கொரு விதமாய்ப் பாடப்படுவதைக் கண்டு, அவற்றுக்கு ஓர் ஒழுங்கு காண வேண்டும் என்று துணிந்தார். தெற்கே ஒழுங்கு உண்டு என்று கேள்வியுற்று, சென்னை, தஞ்சை, மதுரை, இராமநாதபுரம் என்று வித்துவான்களைத் தேடிச் சென்றவர், எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதரைக் கண்டார். 17ஆம் நூற்றாண்டில் தஞ்சையில் வேங்கடமகி எழுதிய சதுர்தண்டிப் பிரகாசிகையின் படியையும் அங்கே பெற்றார்.

அப்பயணத்தின் பயன் பெரிது. 72 மேளங்களின் அமைப்பை ஆராய்ந்த பாத்கண்டே, வட இசைக்குப் பத்துத் தாட்டுகள் போதும் என்று வகுத்தார். பின்னர் உஸ்தாதுகளிடமிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட உருப்படிகளைச் சேகரித்து, எளிய சுவரக்குறிப்பில் எழுதி, கிரமிக புஸ்தக மாலிகை என்ற பெயரில் ஆறு பாகங்களாக வெளியிட்டார். கிரமிகம் என்றால் படிப்படியானது என்று பொருள். இன்று வடநாட்டு இசைப் பள்ளிகளில் பயிலும் இலட்சக்கணக்கான மாணவர்களின் ஏட்டில் உள்ள ஒழுங்கிற்கு, எட்டயபுரத்துத் திண்ணையும் ஒரு காரணம் என்று நாம் பெருமை கொள்ளலாம்.

மும்பையில் அந்நாளில் மற்றொரு முறையும் வழங்கியது. 1901இல் லாகூரில் காந்தர்வ மகா வித்தியாலயத்தைத் தொடங்கிய விஷ்ணு திகம்பர பலூஸ்கர், 1908இல் மும்பையிலும் அதனை நிறுவினார். அவரும் பாடநூல்கள் எழுதினார். தமக்கென ஒரு சுவரக்குறிப்பும் வகுத்தார். அவருடையது நுணுக்கம் மிக்கது. பாத்கண்டேயினுடையது எளிமை மிக்கது. நாளடைவில் எளியதே பெருவழக்காயிற்று. ஆசிரியர்கள் இதனை நினைவிற் கொள்ளல் நன்று. எல்லாவற்றையும் எழுதிக் காட்டும் குறிப்பைவிட, குழந்தை நம்பிக்கையோடு படிக்கும் குறிப்பே பலரைச் சென்றடைகிறது.

தென்பாண்டிச் சீமை இத்துறைக்கு அளித்த மற்றொரு பேராசிரியர் ஆபிரகாம் பண்டிதர். 1859இல் தென்காசிக்கு அருகேயுள்ள சாம்பவர் வடகரையில் பிறந்து, தஞ்சையில் மருத்துவராகப் புகழ் பெற்றார். 1912இல் அங்கே சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தை நிறுவினார். 1917இல் தம் சொந்த அச்சகத்தில் பதிப்பித்த கருணாமிர்த சாகரம் ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட ஆராய்ச்சிப் பெருநூல். அவரும் சிறுவரை மறந்தாரல்லர். அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே, 1907இல், கருணாமிர்த சாகரத் திரட்டு என்ற நூலில் தொடக்க மாணவர்க்குத் தாமே தமிழில் பாடல்கள் இயற்றிச் சுவரக்குறிப்போடு அச்சிட்டார். பிற மொழிகளிலேயே கீதம் கற்ற குழந்தை, தன் தாய்மொழியில் கற்கலாயிற்று. 1916இல் பரோடாவில் முதல் அகில இந்திய இசை மாநாட்டைக் கூட்டுவதில் பாத்கண்டே முன்னின்றார். அம்மாநாட்டிற்குப் பண்டிதரும் சென்று, தம் குடும்பப் பெண்கள் இசைத்துக் காட்டத் தம் சுருதிக் கொள்கையை விளக்கினார். மும்பையும் தென்பாண்டியும் மறுமுறை சந்தித்த இடம் அது.

படிக்கத் தெரிந்த இசைக்காரனுக்குக் கிடைக்கும் மதிப்பினை மும்பை நகரமே நமக்குக் காட்டியது. கோவா நாட்டில் மாதா கோயில்களைச் சார்ந்த பங்குப் பள்ளிகள் பல தலைமுறைகளாகச் சிறுவர்க்கு எழுத்தறிவோடு இசையறிவையும் ஊட்டின. சுவரக்குறிப்பைக் கண்ணால் பார்த்து வாயால் பாடவும், வயலின் வாசிக்கவும் அங்கே கற்றவர்கள், பிழைப்பை நாடி மும்பைக்கு வந்தனர். திருமண பாண்டுகளிலும், ஓட்டல் மேடைகளிலும், இந்தித் திரைப்பட நிலையங்களிலும் அவர்கள் இன்றியமையாதவர் ஆயினர். செபாஸ்தியன் டிசூசா, அந்தோணி கொன்சால்வஸ் ஆகியோர் எழுதித் தந்த பக்கங்களைப் பார்த்தே பல வயலின்கள் ஒருமித்து இசைத்தன. 1958இல் கொன்சால்வஸ், நம் நாட்டு இராகங்களைப் பெரும் பல்லியத்திற்கு அமைத்து மும்பையில் அரங்கேற்றினார். ஏழைச் சிறுவனுக்கு இலவசமாகக் கிடைத்த ஒரு பாடம், ஒரு சமூகத்திற்கே தொழிலும் மதிப்பும் தேடித் தந்தது.

வானொலியும் இப்பணியில் பங்கு கொண்டது. 1952இல் தில்லி வானொலி நிலையத்தில் வாத்திய விருந்தம் என்னும் பல்லியக் குழு அமைந்தபோது, வட இசைப் பகுதியை இரவிசங்கரும், தென்னிசைப் பகுதியை டி. கே. ஜெயராம ஐயரும் நடத்தினர். வீணை, வயலின், புல்லாங்குழல், நாகசுரம், மிருதங்கம் என்று தனித்தனியே குருகுலத்தில் வளர்ந்த கலைஞர்கள், ஒருவர் கைகாட்ட ஒருங்கிசைந்தனர். நம் இராகம் கூட்டத்தில் சிதையும் என்று அஞ்சியோர்க்கு அவ்வொலிபரப்புகள் தக்க விடையாயின.

மும்பையில் குடியேறிய தமிழர் இசைக்காகச் செய்தவை குறைந்தன அல்ல. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தோல் பதனிடும் தொழிலை நாடித் திருநெல்வேலிச் சீமையினர் தாராவியில் குடியமர்ந்தனர். அலுவலகப் பணிகளுக்கு வந்தோர் மாதுங்காவில் பெருகினர். 1932இல் அங்கே தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றியது. 1952இல் நிறுவப்பெற்ற ஸ்ரீ சண்முகானந்த சபை, 1963இல் கிங்ஸ் சர்க்கிளுக்கு அருகே பேரரங்கம் ஒன்றை எழுப்பியது. 1990இல் தீக்கிரையான அவ்வரங்கம் 1998இல் மீண்டும் எழுந்தது. அச்சபையின் இசைப் பள்ளியிலும், செம்பூர் நுண்கலைச் சங்கத்தின் பள்ளியிலும் சரளி வரிசை ஒலித்து வருகிறது. தாராவியிலோ, பொங்கல் நாட்களில் மேளம் முழங்குகிறது. இந்நூற்றாண்டில் தாராவி ராக்ஸ் என்னும் இளைஞர் குழு, பழைய பிளாஸ்டிக் பீப்பாய்களையே முழவுகளாக்கி மேடையேறிப் புகழ் பெற்றது. இயம் இல்லாதவர்க்கும் பல்லியம் உண்டு என்று அவ்விளைஞர்கள் மெய்ப்பித்தனர்.

ஆயினும் நாம் சிந்திக்க வேண்டியது ஒன்று உண்டு. மாதுங்காவுக்கும் தாராவிக்கும் இடையே உள்ள தொலைவு சிறிது. இருப்புப் பாதையைக் கடந்தால் போதும். சபையின் பாடமும் பள்ளியின் பாண்டும் அத்தொலைவைக் கடந்து ஒன்றையொன்று சந்திப்பது அரிதாகவே உள்ளது. சபைப் பள்ளியில் பாடநூல் உண்டு. கூட்டாக இசைக்கும் பழக்கம் குறைவு. தாராவித் தெருவில் கூட்டாக இசைக்கும் பழக்கம் உண்டு, பாடநூல் இல்லை. மேலும், மும்பையில் வளரும் நம் பேரக் குழந்தைகளுள் பலர் தேவநாகரியும் ஆங்கிலமும் படிப்பர். தமிழ் எழுத்தைப் படிக்கத் தடுமாறுவர். ஆனால் ச ரி க ம ப த நி என்னும் ஏழு எழுத்துக்கள் எம்மொழியில் எழுதினும் அவையே. மராத்தி பேசும் தோழன் பாத்கண்டே வழியில் கற்ற சுவரமும், நம் குழந்தை கற்ற சுவரமும் ஒரே மேசையில் அமரக் கூடியவை. எழுத்துக்கே அஞ்சும் குழந்தையைத் தமிழுக்கு அழைத்து வர, ஏழே எழுத்துக்கள் அடங்கிய ஒரு பக்கத்தைவிட மென்மையான வழி உண்டோ?

ஆகவே, மும்பையிலும் பிற மாநிலங்களிலும் தமிழ்க் குழந்தைகளுக்குப் பல்லியம் பயிற்ற விழையும் ஆசிரியர்கட்குச் சில குறிப்புகள் கூறுவோம்.

முதலாவது, சுருதி. பள்ளிப் பாண்டில் பெரும்பாலும் உள்ள கிளாரினெட் பி-பிளாட் வகையைச் சேர்ந்தது. ஆறரைக் கட்டையை, அதாவது பி-பிளாட்டை, ஆதார சட்ஜமாகக் கொண்டால், கிளாரினெட்காரர் தம் கருவியின் 'சி' என்ற சுவரத்தையே ச என்று வாசிக்கலாம். ஆல்ட்டோ சாக்ஸபோன்காரருக்கு அதே ச, அவர் கருவியில் 'ஜி' ஆகும். வயலின்காரர் தந்திகளை அதற்கேற்பக் கூட்டிக் கொள்ளலாம். பாடும் குழந்தைகள் தம் குரலுக்கேற்ற ஸ்தாயியில் சேர்ந்துகொள்ளலாம். ஒவ்வொரு கருவிக்கும் ச எங்கே உள்ளது என்று ஒரு சிறு அட்டையில் எழுதித் தந்துவிட்டால், பின்னர் எல்லோர்க்கும் ஒரே சுவர ஏடு போதுமானது. மேலை முறையில் கருவிதோறும் வேறு வேறு ஏடு எழுத வேண்டிய தொல்லையை, இடம் மாறும் நம் சட்ஜம் தீர்த்து வைக்கிறது.

இரண்டாவது, ஏடு. குறில் எழுத்துக்கு ஓர் அட்சரம், நெடில் எழுத்துக்கு இரண்டு. காற்புள்ளிக்கு ஒன்று, அரைப்புள்ளிக்கு இரண்டு. மேல் ஸ்தாயிக்கு மேலே புள்ளி, கீழ் ஸ்தாயிக்குக் கீழே புள்ளி. இவ்வளவுதான் இலக்கணம். ஒரு வாரத்தில் குழந்தை இதனைக் கற்றுவிடும். ஒவ்வொரு தாள வட்டத்தையும் ஒரே வரியில் அடக்கி எழுதினால், தவறிய குழந்தை அடுத்த வரியில் வந்து சேர்ந்துகொள்ளும்.

மூன்றாவது, வரிசை. சரளியும் அலங்காரமும் பழகிய பின், உடனே கிருதிக்குத் தாவாமல் நோட்டு சுவரங்களுக்குச் செல்லுதல் நலம். அவற்றில் ஒரு பிரிவினர் மெட்டினை வாசிக்க, மற்றொரு பிரிவினர் ச, ப என்னும் சுவரங்களை நீட்டி நிற்கலாம். முழவுக் குழந்தைகள் நடையைக் காக்கலாம். அதன்பின் பண்டிதர் காட்டிய வழியில் தமிழ்க் கீதங்களும், அதற்குப் பின் வர்ணமும் வரலாம். வர்ணத்தில் கமகம் புகும்போது, நன்கு தேர்ந்த ஒரு குழந்தை முதலில் வாசிக்கட்டும். பிறர் கேட்டுத் தொடரட்டும். குழலின் வழி யாழ் நின்ற பழைய ஒழுங்கு அதுவே.

ஏடு எல்லாவற்றையும் தந்துவிடும் என்று நாம் கூறவில்லை. அதனைச் சுப்பராம தீட்சிதரே நன்கறிவார். அதனாலேயே அத்தனை கமகக் குறிகளை வகுத்தார். அக்குறிகளைப் படித்து மட்டும் ஒருவர் தோடியைப் பாடிவிட இயலாது. ஆசிரியரின் குரல் உடனிருந்தே தீர வேண்டும். ஆனால் ஆசிரியர் வாரத்தில் ஒரு நாள் வருவார். ஏடு ஏழு நாளும் வீட்டில் இருக்கும். பத்துக்குப் பத்தடி வீட்டில், தண்ணீர்க் குழாய்க்கும் அடுப்புக்கும் இடையே அமர்ந்து படிக்கும் சிறுமிக்கு, அந்நான்கு பக்கங்களே அவளுடைய குருகுலம். இசை தெரிந்த சுற்றத்தார் ஆயிரம் கல் தொலைவில் இருக்கும்போது, ஏட்டின் தேவை இன்னும் பெரிதாகிறது.

எட்டயபுரத்து முதியவர் சிறுவர்க்கென எழுதிய நூல் ஒரு நூற்றாண்டைக் கடந்துவிட்டது. அவருடைய பெருநூல் தமிழிலும் கிடைக்கிறது. இணையத்தில் ஆங்கில எழுத்திலும் கிடைக்கிறது. பண்டிதரின் பாடல்கள் நம் முன் உள்ளன. பாத்கண்டேயின் பாகங்களை மும்பைப் புத்தகக் கடைகளில் வாங்கலாம். இவற்றிலிருந்து இருபது பாடங்களைத் தேர்ந்து, தமிழிலும் தேவநாகரியிலும் எழுதி, தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் உள்ள பள்ளிகளுக்கு அளிப்பது பெருஞ் செல்வம் வேண்டும் செயலன்று. படிக்கத் தெரிந்த நாலு பேரும், படியெடுக்கச் சிறிது பொருளும், ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரமும் போதும். மலைவழியே இயங்களைக் கட்டிச் சுமந்த கூத்தர்களுக்கு இருந்த துணிவு, அவர்கள் வழிவந்த நமக்கும் உண்டு. சுமை கொண்டுவந்து சேர்த்தாயிற்று. அதனை அவிழ்த்துக் குழந்தைகளின் கையில் தருவது ஒன்றே எஞ்சியுள்ளது.